முதல் வரியிலிருந்து மட்டும் வாசிக்கும் பையன்

மதுரை மாவட்டம் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். மந்தையில் வேப்பமரம், அதையொட்டி சிமெண்ட் பூசிய நாடக மேடை. பகலில் பெரியவர்கள் அதில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு நான் போனபோது மேடை முழுக்கப் பிள்ளைகள். சாக்கை விரித்து உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடத்துகிற பெண் அதே தெருதான். பிளஸ் டூ முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பி.காம். படிக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் 'மிஸ்' இல்லை, 'அக்கா'.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை எனக்கு வாசித்துக் காட்டினான். தடங்கலே இல்லை, ஏற்ற இறக்கம்கூட இருந்தது. நல்லாத்தானே வாசிக்கிறான் என்று அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்னடா தம்பி?" என்றார். பையன் வாய் திறக்கவில்லை. கண் மேலே முதல் வரிக்குப் போனது. உதடு மட்டும் அசைந்தது. பாடத்தை முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகத் தாண்டி வந்து, விரல் இருந்த இடத்தில் நின்று, "குளத்தில்" என்றான்.

விடை சரி. ஆனால் அவன் அந்தச் சொல்லை வாசிக்கவில்லை, எண்ணிக் கண்டுபிடித்தான்.

இந்தப் பையனை மந்தம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு பாடத்தை முழுசாக, சொற்கணக்கு பிசகாமல் மனசில் வைத்திருக்கிற ஆளுக்கு எழுத்து மட்டும் ஏறாமல் போனது எப்படி? மூன்று வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடம் போய்வந்தும் ஒருவர் கண்ணிலும் படாதது எப்படி? பள்ளி விட்ட பிறகு நடக்கும் மாலை வகுப்பைப் பற்றிப் பேசுவதென்றால், முதலில் பள்ளி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்பது அதன் கணக்கு. 30 பேருக்கு ஒருவர் என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேடப்பட்டி, செல்லம்பட்டி, கொட்டாம்பட்டி ஒன்றியங்களில் உள்ள சின்ன ஊர்ப் பள்ளியில் 40 பிள்ளைகள் இருந்தால், அந்த நாற்பதும் ஐந்து வகுப்புகளாகச் சிதறிக் கிடக்கும். 1, 2, 3 ஒரு அறையில் ஒரு டீச்சர், 4, 5 இன்னொரு அறையில் தலைமை ஆசிரியர். தலைமை ஆசிரியர்தான் சத்துணவுக் கணக்கும் பார்க்க வேண்டும், எமிஸ் என்ற கல்வித்துறை இணையத் தளத்தில் வருகையும் ஏற்ற வேண்டும், சீருடை அளவும் அனுப்ப வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்.

அப்படிப்பட்ட அறையில் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து வாசிக்கிறபோது, நன்றாக வாசிக்கிற இரண்டு பேரின் குரலுக்குள் மற்றவர் குரல் ஒளிந்துகொள்ளும். நம் பையன் அங்கேதான் தன் வித்தையைக் கற்றிருக்கிறான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஃபெயிலாக்கினால் இந்த ஊர்களில் பிள்ளை மறுபடி அதே வகுப்புக்கு வராது, ஆட்டுக்குப் பின்னால்தான் போகும். ஆனால் நிறுத்தாமல் ஏற்றிவிடும்போது, ஏறிய பிள்ளைக்கு எது தெரியவில்லை என்ற கணக்கும் கூடவே ஏறவேண்டும் அல்லவா? அதுதான் ஏறுவதில்லை.

வீட்டுப் பக்கமும் பார்க்க வேண்டும். மல்லிகைக்குப் பேர்போன வட்டாரம் இது. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மொட்டை விடிவதற்கு முன்னாலேயே பறித்தாக வேண்டும், விரிந்தால் விலை போகாது. மல்லி சீசனில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டு வரும் பிள்ளை பத்து மணிக்கெல்லாம் வகுப்பில் தூங்கி விழும். உசிலம்பட்டி பக்கத்துக் குடும்பங்கள் முறுக்கு, மிக்சர் போட வெளிமாநிலங்களுக்குப் போகின்றன. போகும்போது சின்னதுகளையும் சில பேர் கூட்டிப்போவார்கள், சில பேர் அப்பத்தாவிடம் விட்டுப் போவார்கள். கூடப் போன பிள்ளை மூன்று மாதம் கழித்துத் திரும்பும்போது, வகுப்பில் உயிர்மெய் வரிசை முடிந்து போயிருக்கும். அதை அதற்காக மறுபடி யாரும் நடத்த மாட்டார்கள்.

இதையெல்லாம் மிஞ்சிய விடுமுறையாகக் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதம். நகரத்துப் பிள்ளைகளுக்கு அலைபேசி வகுப்பாவது இருந்தது. இங்கே வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

ஊர் ஊராகப் போய், வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொல்லிப் பார்க்கிற ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்தும் ஏசர். அதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்பது இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சின்னக் கதை, அவ்வளவுதான். கிராமப்புறத் தமிழ்நாட்டில் அதை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம். 2022-இல் அது 4.8 ஆனது. கொரோனா கெடுத்தது உண்மை. ஆனால் கொரோனாவுக்கு முன்பே நூற்றில் பத்துப் பேர்தான் வாசித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலர் முதல் கணக்கை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பேசுகிறார்கள்.

பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு, 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியது. முதலில் 12 மாவட்டங்கள், மதுரையும் அதில் ஒன்று. கலைக்குழுக்கள் பறையடித்துப் பாட்டுப் பாடி ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தது பலருக்கு நினைவிருக்கும். தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ முடித்தவர், ஆறிலிருந்து எட்டு வரைக்குப் பட்டம் முடித்தவர் என்று தன்னார்வலர்கள். சின்ன வகுப்பில் ஒருவருக்கு 20 பிள்ளைகள். சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய். மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2 லட்சம் பேர் சேர்ந்தார்கள், அதில் பெண்கள்தான் மிகப் பெரும்பாலோர்.

இவ்வளவு பெரிதாக, இவ்வளவு வேகமாக ஒரு அரசுத் திட்டம் பரவினால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். ஆனால் இதில் ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது. பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் கிராமத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரைச் சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், விட்டுப்போனதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்திருந்தது. அப்படி மீண்டதில் 24 சதவீதம் இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் கூடுதல் என்றும் கண்டார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தருவது நம் ஊருக்குப் புதுசா என்ன? டியூசன் இல்லாத தெரு எது? பள்ளி ஆசிரியர் தனியாக டியூசன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ஊர்களில் டியூசன் எடுப்பது பெரும்பாலும் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள். அந்த வகுப்பு நடப்பதைக் கவனித்தால் தெரியும்: பிள்ளை பையைத் திறக்கும், அன்றைய வீட்டுப்பாடத்தை எடுக்கும், அக்கா விடையைச் சொல்லும், பிள்ளை எழுதும். நோட்டு நிறைந்திருந்தால் அம்மாவுக்குத் திருப்தி, டீச்சருக்கும் திருப்தி. நம் பையனும் இப்படி ஒரு டியூசனுக்குக் கொஞ்ச நாள் போயிருக்கிறான். அவன் நோட்டைப் பார்த்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அவனுக்கு எழுத்து ஒரு கோலம். புள்ளி பார்த்துப் போடுகிறான்.

ஆக, மாலை வகுப்பு இருக்கிறதா என்று கேட்டால் போதாது. நாலாம் வகுப்புப் பிள்ளையை அங்கே நாலாம் வகுப்புப் பாடத்தில் உட்காரவைக்கிறார்களா, இல்லை அவனுக்குத் தெரிந்த கடைசி இடத்திலிருந்து தொடங்குகிறார்களா என்று கேட்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் மும்பையிலும் வதோதராவிலும் 'பால்சகி' என்றொரு முயற்சி நடந்தது. அந்தந்தப் பகுதிப் பெண் ஒருவர், மூன்று நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தனியாக அழைத்து, தினம் இரண்டு மணி நேரம் அடிப்படையை மட்டும் சொல்லித்தந்தார். நல்ல பலன் தந்தது. அதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. 2019-இல் பொருளாதார நோபல் பரிசை மைக்கேல் க்ரெமரோடு பகிர்ந்துகொண்ட அதே இருவர். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிப்பது என்ற இந்தக் கருத்துதான் 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பேர் வாங்கியது. முதலில் 1 முதல் 3 வரை, பிறகு 4, 5-க்கும் வந்தது. பூப் பறிக்கிற ஊரில் அந்தப் பேரை விளக்க வேண்டியதே இல்லை. "எம் மக இன்னும் அரும்புலயா இருக்கா?" என்று ஒரு அம்மா கேட்டதைக் கேட்டிருக்கிறேன்.

நிலையைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. மேடையில் அந்தப் பெண் செய்ததுதான்: நடுவில் விரல் வைப்பது. இன்னொன்றும் செய்வார். பாடத்தின் கடைசி வரியைக் காட்டி, அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு சொல்லாகக் கேட்பார். மனப்பாடம் ஐந்து நிமிஷத்தில் வெளுத்துவிடும். மனப்பாடம் வெளுத்த இடத்தில்தான் எந்த எழுத்தில் சிக்கல் என்பது தெரியவரும்.

தமிழில் அந்தச் சிக்கல்களுக்கென்று ஒரு முகம் இருக்கிறது. மொத்தம் 247 எழுத்து என்று பயமுறுத்துகிறோமே, அதில் பெரும்பகுதி 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து உண்டாகிற 216. கூட்டுகிற முறை பிடிபட்டால் ஓடிவிடும். முறை உடைகிற இடங்கள்தான் பிள்ளையைக் கவிழ்க்கின்றன. 'கொ' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, பிறகு க, பிறகு கால். வாயில் வருவதோ ஒரே ஒலி. பிள்ளை 'கெ' என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் 'கா' என்று மாற்றி, 'கெகா' என்று தடுமாறும். 'கௌ' இன்னும் மோசம், அதைக் 'கெள' என்று வாசிக்கிற பெரியவர்களே இருக்கிறார்கள். அதைவிட உகர வரிசை. கு, சு, டு, து, மு, ரு என்று எழுதிப் பாருங்கள். ஆகாரத்துக்கு எல்லா எழுத்துக்கும் ஒரே கால்தான். உகரத்துக்கு அப்படியா? ஒன்றில் சுழித்து மேலே போகிறது, ஒன்றில் கீழே நேராக இறங்குகிறது, ஒன்றில் வளைந்து ஒட்டுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் கண்ணில் ஏற்ற வேண்டும். அந்த மேடை மையத்தில் 'மொட்டு' நிலையில் நின்றுபோன ஏழு பிள்ளைகளில் ஆறு பேருக்கு உகரத்தில்தான் அடி. 'குடம்' தெரியும், ஏனென்றால் படம் இருக்கும். படத்தை மறைத்தால் 'குடம்' 'கடம்' ஆகிவிடும்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் அடுத்தது. எங்கள் பக்கம் "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்போம். புத்தகம் 'வந்தார்கள், போனார்கள்' என்கிறது. "அங்கிட்டு" புத்தகத்தில் 'அங்கே' ஆகிறது. பேப்பர் படிக்கிற வீட்டில் வளரும் பிள்ளைக்கு 'வந்தார்கள்' காதில் விழுந்த சொல். மற்றப் பிள்ளைக்கு அது எழுத்தும் புதுசு, சொல்லும் புதுசு. எழுத்துக் கூட்டி முடித்தபின்னும் அது ஒரு அர்த்தத்தில் போய் உட்காராது. அந்தப் பெண் என்ன செய்தார் என்றால், கரும்பலகையில் 'அங்கிட்டு போடா' என்று எழுதி வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள் எழுத்துக் கூட்டி, வந்த சொல் தங்கள் சொல்லாகவே இருக்கக் கண்டு, மேடையே அதிரச் சிரித்தார்கள். கொச்சையைப் பலகையில் எழுதலாமா என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆட்சேபித்ததாகச் சொன்னார். நான் அந்தப் பெண்ணின் கட்சி. 'அங்கே' அடுத்த வாரம் வந்துகொள்ளும். எழுத்து என்பது பேச்சைத்தான் பிடித்துவைக்கிறது என்ற விஷயம் இந்த வாரம் புரிந்தாக வேண்டும்.

கணக்கில் வேறு கதை. 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பேர் 45 என்று எழுதுகிறார்கள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தானே கழிக்கணும்? அதனால் 7-இலிருந்து 2 போக 5, 5-இலிருந்து 1 போக 4. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிடுகிறோம். பிள்ளை ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது, விதிதான் தப்பு. அதே பிள்ளையைப் பெட்டிக்கடைக்கு அனுப்பி, ஐம்பது ரூபாயில் பதினேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கச் சொல்லுங்கள். முப்பத்து மூன்று ரூபாய் மீதி இல்லாமல் வீடு வந்து சேராது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதைத்தான் சொன்னது. வியாபாரக் கணக்கை மனசிலேயே போடுகிற பிள்ளை பள்ளிக்கணக்கில் திணறுகிறது, பள்ளிக்கணக்கு போடுகிற பிள்ளை சந்தையில் திணறுகிறது. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

இட மதிப்பில் தமிழே கொஞ்சம் வம்பு பண்ணுகிறது. எண்பதுக்கு அடுத்தது 'ஒன்பது' மாதிரி எதுவும் வராமல் 'தொண்ணூறு' என்று நூறை வாலில் வைத்துக்கொண்டு வருகிறது. எண்ணூறுக்கு அடுத்து 'தொள்ளாயிரம்', அதன் வாலில் ஆயிரம். 90-ஐ நூறுக்கு மேற்பட்ட எண் என்று நினைக்கிற பிள்ளையை அதட்டும் முன் அந்தப் பேரை ஒருமுறை காதுகொடுத்துக் கேட்கலாம். "நூற்று ஐந்து எழுது" என்றால் 1005 என்று எழுதுவதும் அப்படித்தான். நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5, சேர்த்து எழுதியாயிற்று. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிற நேர்மை அது.

இந்த இடத்தில் அந்த மேடை வகுப்பில் பார்த்ததை மறக்க முடியவில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் செய்முறை, அதாவது விசேஷ வீட்டில் மொய் செய்வதும் வாங்கியதைத் திருப்பிச் செய்வதும், எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். காதணி விழா, வசந்த விழா, வீடு குடிபுகல் எல்லாவற்றுக்கும் மொய் நோட்டு உண்டு. அந்தப் பெண் ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, பேர், ஊர், தொகை என்று மொய் நோட்டு மாதிரியே செய்திருந்தார். ஒரு பிள்ளை மைக்கில் சொல்கிற மாமா மாதிரி "மொய் நூத்தி ஒண்ணு" என்று கூவ, இன்னொரு பிள்ளை எழுத வேண்டும். எழுதின பிள்ளை 1001 என்று போட்டுவிட்டது. உடனே ஒரு சுட்டி எழுந்து, "ஏலேய், நூத்தி ஒண்ணு செஞ்சவய்ங்களுக்குப் போயி ஆயிரத்தி ஒண்ணு திருப்பிச் செய்யவா? ஒங்கப்பா தொள்ளாயிரத்துக்கு எங்க போவாரு?" என்றாள். அன்றைக்கு இட மதிப்பு யாரும் நடத்தாமலே நடந்து முடிந்தது.

சரி, இவ்வளவு நல்ல வகுப்பு. இதற்கு யார் வருகிறார்கள்?

எனக்கு உறுத்துவது இதுதான். உத்தரப் பிரதேசத்தில் ஜவுன்பூர் மாவட்டத்தில் 2005-06-இல் ஊர்த் தன்னார்வலர்களை வைத்து வாசிப்பு வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் அந்த ஊர்களின் பிள்ளைகளில் வந்தது 8 சதவீதம். வாசிக்கவே தெரியாதவர்களில்கூட 13 சதவீதம்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வகுப்பு கூடுதல் என்றால் ஓடிவரும். தோற்றுக்கொண்டே இருக்கிற பிள்ளையிடம் போய், தோற்பதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கூட்டித் தருகிறேன் என்றால் அது ஏன் வரப்போகிறது? தமிழ்நாட்டில் வருகை இதைவிட எவ்வளவோ மேல். அதற்குக் காரணம் வகுப்பு தெருவுக்கே வந்ததுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் எந்த மையத்திலும் பெயர்ப்பட்டியலின் கடைசி நான்கு ஐந்து பேர் எப்போதும் விட்டு விட்டுத்தான் வருவார்கள். அவர்களுக்காகத்தான் மையமே.

ஏன் வரவில்லை என்று தேடிப்போனால் பதில் வகுப்பில் இருக்காது. மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைக்குக் கைக்குழந்தைத் தம்பி. அம்மா நூறுநாள் வேலை முடிந்து, விறகு பொறுக்கி, ஏழு மணிக்குத்தான் வீடு சேருவாள். அதுவரை தம்பியை யார் பார்ப்பது? "தம்பியையும் தூக்கிக்கிட்டு வா" என்று அக்கா சொன்ன நாளிலிருந்து வருகிறாள், இடுப்பில் அவனோடு. சில பிள்ளைகளுக்குப் பசி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது, சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். காலைக்கு உப்புமாவோ பொங்கலோ உண்டு, மத்தியானம் சத்துணவு உண்டு. மத்தியானம் சாப்பிட்ட பிள்ளை ராத்திரி எட்டு மணி வரை எதையும் பார்ப்பதில்லை. ஐந்தரை மணிக்கு அதை உகரம் வாசிக்கச் சொல்கிறோம். அந்த மையத்தில் ஆளுக்கு ஒரு கை வேர்க்கடலை கொடுக்கிறார்கள், அதுவும் அந்தப் பெண்ணின் மாமனார் காட்டில் விளைந்தது. அரசாங்கம் செலவழிக்க ஒரே ஒரு இடம் மிச்சமிருக்கிறது என்று என்னைக் கேட்டால் இந்தச் சாயங்காலச் சுண்டலைத்தான் காட்டுவேன்.

அடுத்தது எல்லோரும் மென்று விழுங்குகிற விஷயம். வகுப்பு எங்கே நடக்கிறது? கோயில் வாசலில் வைத்தால் காலனிப் பிள்ளைகள் தயங்கும். காலனிச் சமுதாயக்கூடத்தில் வைத்தால் ஊர்ப் பிள்ளைகளை வீட்டில் விட மாட்டார்கள். இந்தப் பகுதிப் பள்ளிகளே பல துறைகளின் கீழ் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒரு துறை, கள்ளர் சீரமைப்புப் பள்ளி பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலப் பள்ளி இன்னொரு துறை. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்பது பல ஊர்களில் சொல்லாமலே தெரியும். மாலை மையத்துக்குத் துறைச் சுவர் இல்லை, ஆனால் தெருச் சுவர் இருக்கிறது. தெருவுக்கு ஒரு தன்னார்வலர் என்று வைத்தது எண்ணிக்கைக்கு நல்லது, எல்லாப் பிள்ளைக்கும் எட்டியது. ஒரே மேடையில் எல்லாத் தெருவும் உட்கார்வது மட்டும் பல ஊர்களில் நடக்கவில்லை. நான் போன ஊரில் மேடை மந்தையில் இருந்ததால் கலந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். அதைக்கூட அந்தப் பெண் வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் சாதித்திருக்கிறார்.

பேசுகிற வேலைக்கும் சேர்த்துத்தான் அந்த 1,000 ரூபாய். மாதம் இருபது நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்று வைத்தாலும் மணிக்கு முப்பத்து மூன்று ரூபாய். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். மூன்று நாள் கம்மாய்க் கரையில் மண் அள்ளினால் ஒரு மாதத்து வாத்தியார் கூலி வந்துவிடும். இது சம்பளமில்லை, ஊக்கத்தொகைதான் என்று அதிகாரிகள் சரியாகத்தான் திருத்துகிறார்கள். ஆனால் இரண்டு வருஷம் இருபது பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கைதேர்ந்த பெண், கல்யாணமாகி வெளியூர் போனாலோ, கப்பலூர் பக்கம் ஏதாவது கம்பெனியில் வேன் அனுப்பிக் கூப்பிட்டாலோ, அடுத்து வருகிறவர் மறுபடி உகரத்திலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளையின் நிலை என்ன என்பது போனவர் தலைக்குள்தான் இருந்தது. பள்ளி டீச்சரிடம் ஒரு நிலைப்பட்டியல், மாலை அக்காவிடம் ஒரு நிலைப்பட்டியல். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த ஊர்கள் குறைவு. பத்து நிமிஷ வேலை அது, சனிக்கிழமை சந்தையில் பார்த்துக்கொண்டால்கூடப் பேசிவிடலாம்.

2020-இல் முதல் வகுப்பில் பேர் பதிந்து, பள்ளியைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் 2025-இல் ஆறாம் வகுப்பில் கால்வைத்தார்கள். ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர 'திறன்' என்றொரு திட்டத்தை அந்த ஆண்டே கொண்டுவர வேண்டியிருந்தது. நாலாம் வகுப்பில் மேடையில் முடிக்க வேண்டிய வேலை உயர்நிலைப் பள்ளி வரை நடந்து போய்விட்டது.

ஒரு ஆடி மாதம் மறுபடி அந்த ஊர்ப் பக்கம் போயிருந்தேன். பையன் ஐந்தாம் வகுப்பு ஆகியிருந்தான். மேடையில் அவன் அப்பத்தாவும் உட்கார்ந்திருந்தார், கையில் ரெக்சின் அட்டை போட்ட நிஜ மொய் நோட்டு. அவன் அக்காளுக்குச் சடங்கு வைத்தபோது எழுதியது. பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து, அந்த வீட்டார் அன்றைக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்க்க வேண்டுமாம். வேறு யாரிடமும் கேட்காமல் பேரனைத் தேடி வந்திருந்தார். அவன் முதல் பக்கத்துக்குப் போகவில்லை. நோட்டை நடுவில் பிரித்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டி, ஒரு பேரில் நிறுத்தினான். உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினான், கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஐநூத்தி ஒண்ணு, அப்பத்தா."

"நல்லாப் பாருடா, ஐயாயிரத்தி ஒண்ணா?"

"இல்ல அப்பத்தா. சைபர் ஒண்ணுதேன் இருக்கு."